சுவடியும் சுவரும்: பொம்பெயி நகரில் கற்ற பாடம்

இத்தாலி நாட்டின் தென்பகுதியில், வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்தில், பொம்பெயி என்னும் பழைய உரோம நகரம் கிடக்கிறது. கி.பி. 79ஆம் ஆண்டில் மலை வெடித்து நகரை மூடிற்று. அந்நகரைக் காணும் வாய்ப்பு எமக்கு ஒருமுறை கிட்டியது. அதன் பொதுமன்றத்தில் யாம் நின்றிருந்தபொழுது இரு வழிகாட்டிகள் இரு வேறு குழுவினருக்கு விளக்கம் கூறிக்கொண்டிருந்தனர். ஒருவர், நகரம் அழிந்தது ஆகஸ்டுத் திங்கள் 24ஆம் நாள் என்றார். பத்தடி தள்ளி நின்ற மற்றவர், அக்டோபர்த் திங்கள் 24ஆம் நாள் என்றார். இருவர் குரலிலும் ஐயத்தின் சாயல் இல்லை. கேட்டு நின்றவர்களும் தத்தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு நகர்ந்தனர்.

நாள் ஒன்றே, திங்கள் மட்டும் வேறு. இஃது எங்ஙனம் நேர்ந்தது? இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அவ்வினாவே ஆகும். பாட வேறுபாடு என்னும் தொடரைப் பதிப்புரைகளில் படித்து, தேர்வுத் தாளில் எழுதி, பின்னர் மறந்துவிடுவது நம் மாணவர் பலரின் வழக்கம். ஒரு சொல்லின் வேறுபாடு ஒரு நகரத்தின் இறுதி நாளையே இரண்டு திங்கள் தள்ளிவைக்க வல்லது என்பதை அவர்க்குக் காட்ட விரும்புகிறோம்.

வீதிகளும் கடைகளும்

நேப்பிள்சிலிருந்து சிற்றூர்தோறும் நின்று செல்லும் தொடர்வண்டியில் முக்கால் மணி நேரத்திற்குள் பொம்பெயியை அடைந்துவிடலாம். கடல்வாயில் எனப்படும் மேற்கு வாயில் வழியே ஏறிச் செல்கிறோம். பெயர்தான் கடல்வாயில், கடல் இன்று கண்ணுக்கு எட்டிய தொலைவில் பின்வாங்கிக் கிடக்கிறது. எரிமலைக் கல்லால் தளமிட்ட வீதிகள் மேடுபள்ளமாக இருக்கின்றன. தோற்செருப்போடு சென்ற எமக்கு முதல் அரைமணி நேரத்திலேயே கணுக்கால் நோவத் தொடங்கிற்று. பின்னர் வருவோர் நல்ல காலணியோடு வருதல் நலம்.

அவ்வீதிகளில் முதலில் எம் கண்ணைக் கவர்ந்தவை குறுக்கே நடப்பட்டிருந்த உயர்ந்த கற்களே. மழைநீரும் கழிவுநீரும் வீதியில் ஓடும்பொழுது கால் நனையாமல் மறுபக்கம் செல்ல அவற்றை இட்டிருக்கின்றனர். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வண்டிச் சக்கரம் புகுந்து போக இடைவெளி உண்டு. அவ்விடைவெளியில் சக்கரம் உருண்டுருண்டு கல்லில் பள்ளம் விழுந்திருக்கிறது. அரண்மனைத் தூணைவிட இப்பள்ளமே எமக்கு மிகுதியும் உண்மையாகத் தோன்றியது. எத்தனை வண்டிக்காரர், எத்தனை மாடுகள், எத்தனை ஆண்டுகள்!

வீதியோரத்தில் உணவுக்கடைகள் நிரம்ப உள்ளன. மேடை கட்டி, அதில் பெரிய மண்தாழிகளைப் பதித்து, உணவுப் பொருள்களை வைத்து விற்றிருக்கின்றனர். 2020ஆம் ஆண்டில் முழுமையாகத் தோண்டி வெளிப்படுத்தப்பெற்ற ஒரு கடையில், தாழிகளுக்குள் வாத்து, ஆடு, மீன், நத்தை ஆகியவற்றின் எச்சங்கள் கிடைத்தன. ரொட்டிக்கடைகளில் கழுதைகள் சுற்றிச் சுற்றி இழுத்த கல் திரிகைகள் இன்றும் நிற்கின்றன. ஒரு கடையின் அடுப்பிலிருந்து 1862ஆம் ஆண்டில் 81 ரொட்டிகளை எடுத்தனர். எட்டுத் துண்டாகப் பிய்ப்பதற்கு ஏற்றவாறு கோடிட்ட வட்ட ரொட்டிகள். கரியாகிப்போனாலும் கோடு அழியவில்லை. அடுப்பில் ரொட்டியை இட்டவன் எடுப்பதற்குத் திரும்பி வரவில்லை என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நகரம் புதைந்த வகையைச் சுருங்கச் சொல்வோம். நண்பகலுக்குச் சற்றுப் பின்னர் மலை வெடித்தது. ஏறத்தாழ 18 மணி நேரம் நுரைக்கல் மழை பொழிந்தது. கூரைகள் பாரந்தாங்காமல் இடிந்தன. மறுநாட் காலையில் கொதிக்கும் வளியும் சாம்பலும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் பாய்ந்து வந்து எஞ்சியிருந்தோரைக் கொன்றது. நெருப்புக் குழம்பு நகருக்குள் ஓடியதாகப் பலரும் எண்ணுவர். அது பிழை. நுரைக்கல்லும் சாம்பலுமே நகரை மூடின. அதனால்தான் நகரம் எரிந்து உருகாமல் புதைந்து நின்றது. பிற்காலத்தில் அவ்விடத்து மக்கள் அம்மேட்டினைச் 'சிவிட்டா', அஃதாவது 'நகரம்' என்று பொருள்படும் பெயரால் அழைத்துவந்தனர். கீழே இருப்பது எந்நகரம் என்பதை மறந்தும், நகரம் என்பதை மட்டும் அவர்கள் நா மறக்கவில்லை. 1748இல் அங்கே அகழ்வு தொடங்கிற்று. 1763இல் கிடைத்த கல்வெட்டு ஒன்றே அது பொம்பெயி என்பதை உறுதிசெய்தது.

பேசும் சுவர்கள்

தமிழ் பயில்வார்க்குப் பொம்பெயியின் பெருஞ்செல்வம் அதன் சுவர்கள் எனலாம். வண்ணத்தால் எழுதியவை, ஆணியாலோ எழுத்தாணியாலோ கீறியவை, கரித்துண்டால் வரைந்தவை என 11,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் அங்கே கண்டறியப்பெற்றுள்ளன. அரசன் வெட்டுவித்த கல்வெட்டிற்கும் இவற்றிற்கும் உள்ள வேறுபாடு பெரிது. அது பின்வரும் தலைமுறைக்கென எழுதப்பட்டது. இவையோ அன்றைய நாளுக்கென எழுதப்பட்டவை.

அவற்றுள் தேர்தல் விளம்பரங்கள் மிகப் பல. தொழில்முறை எழுத்தர்கள் சிவப்பிலும் கறுப்பிலும் பெரிய எழுத்துகளாக எழுதியிருக்கின்றனர். ரொட்டி சுடுவோர், பழவணிகர், பொற்கொல்லர், கோவேறு கழுதை ஓட்டுவோர் ஆகியோர் தத்தம் வேட்பாளருக்கு ஆதரவு தெரிவிக்கின்றனர். வாக்குரிமை இல்லாத பெண்டிரும் தம் பெயரால் ஆதரவு கோரியிருக்கின்றனர். வாட்டியா என்னும் வேட்பாளருக்கு மட்டும் வாய்த்த ஆதரவாளர் விந்தையானவர். சில்லறைத் திருடர்கள் அவரைப் பரிந்துரைக்கின்றனர். இரவு நெடுநேரம் குடிப்போர் பரிந்துரைக்கின்றனர். உறங்குவோர் அனைவரும் பரிந்துரைக்கின்றனர். எதிர்த்தரப்பாரின் குறும்பு இஃதென அறிஞர் கருதுவர். நம் ஊர்ச் சுவர்களைத் தேர்தற் காலத்தில் பார்த்துப் பழகியவர்க்கு இதற்கு உரை தேவையில்லை.

மொழியாசிரியர் நின்று நோக்க வேண்டியது பிறிதொன்று உண்டு. கீறல் எழுத்துகளில் பிழைகள் மலிந்திருக்கின்றன. இலத்தீன் சொல்லின் இறுதியில் வரவேண்டிய மகர ஒற்றைப் பலர் விட்டுவிடுகின்றனர். சொன்முதலில் வரும் ஹகர ஒலியும் விடுபடுகிறது. ஈருயிர் சேர்ந்த ஒலி ஓருயிராகக் குறுகுகிறது. எழுதியவன் பள்ளியில் கற்றவாறு எழுதாமல் வாயால் பேசியவாறே எழுதியிருக்கிறான். அப்பிழைகள் சிதறலானவை அல்ல, ஒரு நெறிப்பட்டவை. பிற்காலத்தில் இத்தாலியம், பிரெஞ்சு, ஸ்பானியம் முதலிய மொழிகளில் எம்மாற்றங்கள் நிலைபெற்றனவோ, அவற்றின் தொடக்கம் இந்தச் சுவர்களில் தென்படுகிறது. இலக்கியச் சுவடிகளை மட்டுமே நம்பியிருந்தால் கி.பி. முதல் நூற்றாண்டின் பேச்சு இலத்தீனை நாம் இவ்வளவு நெருங்கிக் கேட்டிருக்க இயலாது. செந்தமிழுக்கும் பேச்சுத்தமிழுக்கும் நடுவே நாள்தோறும் வாழும் நமக்கு இது விளங்காத செய்தி அன்று. மாணவர் விடைத்தாளில் காணும் பிழையைச் சிவப்பு மையால் சுழிக்கும்பொழுது, அது எந்த ஒலிமாற்றத்தின் தடயம் என்று ஒருகணம் எண்ணிப்பார்க்கும் வழக்கம் அன்று முதல் எமக்கு வந்துவிட்டது. மதிப்பெண்ணைக் குறைக்கத்தான் செய்கிறோம், அது வேறு.

உயர் இலக்கியமும் சுவரேறியிருக்கிறது. வர்ஜில் என்னும் பெரும்புலவரின் 'எனீட்' காப்பியத்துத் தொடக்கச் சொற்களைப் பலர் பல இடங்களில் கீறிவைத்திருக்கின்றனர். பள்ளியில் மனப்பாடம் செய்ததன் பயன் போலும்.

கடிதம் சொல்லும் நாள்

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு வருவோம். வெசூவியஸ் வெடித்ததைக் கண்ணால் கண்டு எழுதியவராக நமக்குக் கிடைப்பவர் இளைய பிளினி ஒருவரே. அப்பொழுது அவர் 17 வயதினர். வளைகுடாவின் மறுமுனையில் மிசேனம் என்னும் இடத்தில் தாயுடனும் தாய்மாமனுடனும் தங்கியிருந்தார். மாமன் மூத்த பிளினி. உரோமக் கடற்படையின் தலைவர். 'இயற்கை வரலாறு' என்னும் 37 பகுதிகள் கொண்ட பெருநூலின் ஆசிரியர். மலைமீது எழுந்த விந்தை முகிலை அருகிருந்து ஆராய விரும்பி, பின்னர் மக்களை மீட்கவும் எண்ணி, அவர் கப்பலேறிச் சென்றார். மருமகனையும் அழைத்தார். மருமகனோ, தாம் படித்துக்கொண்டிருப்பதாகவும், மாமன் கொடுத்த எழுத்துவேலை இருப்பதாகவும் கூறி வீட்டிலேயே தங்கிவிட்டார். மாமன் ஸ்டேபியே கடற்கரையில் உயிர்நீத்தார். வீட்டுப்பாடம் ஒருவர் உயிரைக் காத்தது என்றால் நம் மாணவர் நம்புவரோ அறியோம், இஃது உண்மை.

இம்மூத்த பிளினி தமிழர்க்கு அயலார் அல்லர். தம் நூலின் ஆறாம் பகுதியில் அவர் முசிறித் துறைமுகத்தைக் குறிக்கின்றார். மிளகு வணிகத்தைப் பேசுகின்றார். கடற்கரையிலிருந்து நெடுந்தொலைவில் உள்நாட்டில் மதுரை என்னும் ஊரில் பாண்டியன் ஆண்டதைச் சொல்கின்றார். ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை இந்தியா உரோமிடமிருந்து ஈர்த்துக்கொள்கிறது என்று குறைப்பட்டவரும் அவரே. யவனர் முசிறிக்குப் பொன் கொண்டுவந்து மிளகு கொண்டுசென்றதைக் கூறும் அகநானூற்று 149ஆம் பாட்டினை இதனோடு வைத்துப் படித்தல் வேண்டும். கி.பி. 77ஆம் ஆண்டில் தம் நூலை டைட்டசுக்கு உரிமையாக்கியவர், இரண்டே ஆண்டுகளில் வெசூவியசின் புகையில் மாண்டார். பாண்டியனின் பெயரை எழுதிய கை அக்கடற்கரையில்தான் ஓய்ந்தது என்று எண்ணியபொழுது, அயல்நாட்டுச் சுற்றுலாவாகத் தொடங்கிய எம் பயணத்தின் தன்மையே மாறிவிட்டது.

இளைய பிளினி கால் நூற்றாண்டிற்குப் பின்னர், வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கேட்டதற்கிணங்க, அந்நிகழ்ச்சியைப் பற்றி இரண்டு கடிதங்கள் எழுதினார். அவற்றில் பொம்பெயி நகரின் பெயரே இல்லை என்பது வியப்பிற்குரியது. மாமனின் இறப்பும் தம் குடும்பம் தப்பியதுமே அவருக்குப் பொருள். ஆயினும் நாளைக் குறித்திருக்கிறார்.

உரோமர் நாளை எண்ணும் முறை நம் முறைக்கு மாறானது. வரப்போகும் திங்களின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி, அம்முதல் நாளையும் சேர்த்து எண்ணுவர். கடிதத்தின் பழைய சுவடிகளுள் சிறந்ததாகக் கருதப்படுவதில், 'செப்டம்பர் முதல் நாளுக்கு முன் ஒன்பதாம் நாள்' என்றிருக்கிறது. எண்ணிப் பார்த்தால் ஆகஸ்டு 24 வரும். 'செப்டம்பர்' என்ற சொல்லின் இடத்தில் 'நவம்பர்' என்று கொண்டால் அக்டோபர் 24 வரும். பிளினி தம் கையால் எழுதிய கடிதம் இன்று இல்லை. நமக்குக் கிடைப்பன பல நூற்றாண்டுகள் கழித்துப் பிறர் படியெடுத்தவையே. படியெடுப்பவர் கண் ஒருகணம் பிசகினால், அல்லது தெளிவற்ற எழுத்தைத் தமக்குத் தெரிந்தவாறு திருத்தினால், திங்கள் மாறிவிடும். அச்சுப் பதிப்புகள் வந்த பின்னரும் வேறு பாடங்கள் உலவின. ஏட்டுச்சுவடியை வைத்துக்கொண்டு விளக்கடியில் கண்ணைக் கெடுத்துக்கொண்ட நம் பதிப்பாசிரியர்கள் அறியாத இடர் இது அன்று.

கரித்துண்டின் சான்று

ஆகஸ்டு என்ற பாடத்தை ஐயுற்றவர் நெடுங்காலமாகவே உண்டு. மாதுளை முதலிய இலையுதிர்காலத்துப் பழங்கள் இடிபாடுகளில் கிடைத்திருக்கின்றன. திராட்சைச் சாறு தாழிகளில் இட்டு மூடப்பட்டிருந்தது. குளிர்காயும் கணப்புச்சட்டிகள் அறைகளில் இருந்தன. கொளுத்தும் ஆகஸ்டில் இவற்றிற்கு என்ன வேலை?

இந்நிலையில் 2018ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒரு செய்தி வெளியாயிற்று. நகரின் ஐந்தாம் பகுதியில் தோண்டிய ஒரு வீட்டில், பழுதுபார்ப்பு வேலை நடந்துகொண்டிருந்த நிலையில், உட்சுவரில் கரித்துண்டால் எழுதிய ஒருவரி கிடைத்தது. அதில் 'நவம்பர் முதல் நாளுக்கு முன் பதினாறாம் நாள்' என்றிருந்தது. அஃதாவது அக்டோபர் 17. கரி எளிதில் அழியும். ஆகவே நகரம் புதைவதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான் அதை எழுதியிருத்தல் வேண்டும். ஆகவே அழிவு அக்டோபர் 24 என்றனர் பலர். பொதுமன்றத்தில் யாம் கண்ட இரண்டாம் வழிகாட்டி இச்செய்தியைப் படித்தவர். முதல்வர் பழைய பாடத்தில் நின்றவர்.

எனினும் வழக்கு முடிந்துவிடவில்லை. அக்கரி எழுத்தில் திங்களும் நாளும் உண்டே ஒழிய ஆண்டு இல்லை. வெயிலும் மழையும் படாத உட்சுவரில் கரி ஓராண்டு நிற்காதா என்று கேட்போர் உளர். எனின், அது கி.பி. 78ஆம் ஆண்டின் அக்டோபராக இருத்தலும் கூடும். எழுதியது என்ன என்பதிலேயே வாசிப்பு வேறுபாடு உண்டு. அளவுமீறி உண்டதைப் பற்றியது என்பார் ஒரு சாரார். எண்ணெய் வைக்கும் அறையைப் பற்றியது என்பார் மற்றொரு சாரார். முன்னர், டைட்டஸ் காலத்து வெள்ளி நாணயம் ஒன்றில் பொறித்த எண் 15 என்று படித்து, அது செப்டம்பருக்குப் பிந்தியது என்று வாதிட்டனர். மீண்டும் ஆராய்ந்தபொழுது அவ்வெண் 14 எனத் தெளிந்தது, அச்சான்று தளர்ந்தது. சுவடிகளை மீளவும் ஒப்பிட்ட அறிஞர் சிலர், ஆகஸ்டு என்ற பாடமே வலிமையுடையது என்கின்றனர். எம் கருத்தைக் கேட்பின், பழங்களும் கணப்புச்சட்டியும் கரித்துண்டும் ஒருங்கே காட்டும் திசையாகிய இலையுதிர்காலத்தையே யாம் சாய்ந்து நிற்கிறோம். ஆனால் விடைத்தாளில் 'அக்டோபர் 24' என்று மட்டும் எழுதும் மாணவனுக்கு முழு மதிப்பெண் வழங்கமாட்டோம்.

சான்றைக் கடந்து கதை புனையும் இயல்பு எல்லார்க்கும் உண்டு. பொம்பெயியில் 1938ஆம் ஆண்டில் தந்தத்தாலான இந்தியப் பெண்ணுருவம் ஒன்று கிடைத்தது. அதைத் தமிழகத்துச் சிற்பியின் கைவண்ணம் என்று மேடைகளில் பேசக் கேட்டிருக்கிறோம். அவ்வுருவின் அடியில் காணப்படுவது கரோஷ்டி எழுத்து. அதை ஒத்த உருவங்கள் கிடைத்தது மகாராட்டிரப் பகுதியில். முசிறியும் பாண்டியனும் மூத்த பிளினியின் நூலில் நிலையாக இருக்கும்பொழுது, பிறர் பொருளை நமதென்று சொல்ல வேண்டிய தேவை நமக்கு இல்லை.

பொற்காப்பு அணிந்தவர்

இதனினும் மனத்தை உறுத்துவது ஒன்றுண்டு. சாம்பல் இறுகிய பின்னர் அதனுள் சிக்கிய உடல்கள் மட்கிப்போயின. உடலின் வடிவில் வெற்றிடம் மட்டும் எஞ்சியது. 1863ஆம் ஆண்டில் அகழ்வுத் தலைவராக இருந்த ஜூசெப்பே ஃபியொரெல்லி, அவ்வெற்றிடத்தில் சாந்துக் குழம்பை ஊற்றி, இறுகவிட்டு, சுற்றியுள்ள சாம்பலை நீக்கினார். இறந்தவரின் உருவம் வெளிப்பட்டது. ஆடையின் மடிப்பும் முகத்தின் நோவும் தெரிந்தன. அவ்வாறு எடுத்த உருவங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கும் அவற்றின் முன்னே படம் பிடித்துக்கொள்வோரை யாம் கண்டோம். எம்மால் நெடுநேரம் நிற்க இயலவில்லை.

அவ்வுருவங்களுள், கையில் பொற்காப்பு அணிந்த ஒருவர், சிறு குழந்தை ஒன்றுடன் கிடக்கின்றார். தாயும் சேயும் என்று நெடுங்காலம் அவர்களைக் காட்டி வந்தனர். காப்பு அணிந்தவர் பெண், குழந்தையோடு இருப்பவர் தாய், ஐயுறுவார் யார்? 2024ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான மரபணு ஆய்வு, காப்பு அணிந்தவர் ஆண் என்றும், குழந்தைக்கும் அவருக்கும் குருதியுறவு இல்லை என்றும் காட்டியது. படியெடுப்போர் மட்டுமா பாடத்தைத் திருத்துகின்றனர்? கண்டவர் அனைவரும் திருத்தியிருக்கின்றனர். அவர் யார்? அண்டை வீட்டாரா, ஊழியரா, வழியிற் போனவரா? உறவே இல்லாத ஒருவர், மலை வெடித்துக் கொட்டும் வேளையில், பிறர் குழந்தையோடு இருந்திருக்கிறார். தாய் என்று எண்ணிப் பார்த்த கண்ணுக்கு இச்செய்தி தெரியாமலே போயிற்று.

அழியும் எழுத்து

இதுகாறும் கூறியவற்றால், சுவடி பொய்க்கும், சுவர் பொய்க்காது என்று எவரேனும் முடிவுகட்டுவராயின் அதுவும் பொருந்தாது. மண்ணுக்குள் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் வண்ணம் மாறாமல் இருந்த தேர்தல் விளம்பரங்கள், வெளியே எடுத்த பின்னர் வெயிலிலும் மழையிலும் மங்கி மறைந்தன. வீதியில் யாம் தேடிச் சென்ற சில சுவர்களில் வெறுஞ்சுண்ணமே எஞ்சியிருந்தது. அவை என்ன கூறின என்பதை இன்று நாம் அறிவது, தோண்டிய காலத்தில் அறிஞர் பார்த்தெழுதிய படிகளால்தான். கார்ல் சாங்கமைஸ்டர் தொகுத்த பொம்பெயிச் சுவரெழுத்துத் தொகுதி 1871ஆம் ஆண்டில் வெளிவந்தது. அத்தொகுதியில் உள்ள பலவற்றிற்கு இன்று மூலச்சுவர் இல்லை. ஆக, சுவரும் சுவடியாகிவிட்டது. படியெடுத்தவரின் கண்ணையும் கையையும் நம்பியே அதனைப் படிக்கிறோம்.

1943ஆம் ஆண்டில் போர்க் குண்டுகள் இந்நகரில் விழுந்தன. 2010ஆம் ஆண்டு நவம்பரில், மழைக்குப் பின்னர், கிளாடியேட்டர் எனப்பட்ட வாட்போர் வீரர்களோடு தொடர்புடைய ஒரு கட்டடம் முற்றும் இடிந்து வீழ்ந்தது. அதன் பின்னரே பெரும்பொருட் செலவில் காப்புப்பணி முடுக்கிவிடப்பெற்றது. 2024ஆம் ஆண்டு நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர்க்கு மேல் உள்ளே விடுவதில்லை என்று வரம்பிட்டனர்.

நகரின் மூன்றில் ஒரு பங்கு இன்னும் தோண்டப்படவில்லை. பெரும்பகுதியை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கின்றனர். மாலையில் திரும்பும் முன்னர், தோண்டிய பகுதி முடியும் எல்லைக்குச் சென்று நின்றோம். கல் பாவிய வீதி நேராக ஓடி, ஆளுயரத்தை மிஞ்சிய மண்கரையின் அடியில் நுழைந்து மறைகிறது. வண்டிச் சக்கரப் பள்ளமும் அதனோடு உள்ளே போகிறது. கரையின்மேல் புல் முளைத்திருந்தது. அதன் கீழும் வீடுகள் உண்டு, சுவர்கள் உண்டு, அவற்றின் மீதும் யாரேனும் ஒருவன் கரித்துண்டால் ஏதேனும் எழுதியிருப்பான். வண்டிக்கு நேரமாகிவிட்டதென உடன் வந்தவர் அழைத்தார். யாம் கடல்வாயிலை நோக்கி நடந்தோம்.